ஒரு மாதம் பழைய காலத்து விடுதியில்: பார்த்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

லண்டன், ஹரோ

2003 கோடை. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்து இருக்கத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகன் அப்போதுதான் ஜிசிஎஸ்இ, அதாவது இங்கே பதினாறு வயதில் எழுதும் பரீட்சை, எழுதி முடித்திருந்தான். சானல் 4-இல் 'தட்'ல் டீச் எம்' என்று ஒரு தொடர் தொடங்கியது. மகனின் வயதுப் பிள்ளைகள் முப்பது பேரை 1950களின் போர்டிங் பள்ளி ஒன்றில் நான்கு வாரம் அடைத்துவைத்துப் பார்க்கும் நிகழ்ச்சி. முதல் நாளே கைபேசி, மேக்கப் எல்லாம் பறிமுதல். தடித்த சீருடை, வரிசைக் கட்டில்கள், மணி அடித்தால் எழும்பு, மணி அடித்தால் படு. கடைசியில் அந்தக் காலத்து ஓ லெவல் பரீட்சை.

அப்பா 1952 முதல் ஆறரை வருஷம் போர்டிங்கில் இருந்தவர். பள்ளியின் பெயர் வேண்டாம், அங்கே படித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொடங்கி ஐந்து நிமிஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிரம்பு எங்கை?"

இங்கே அரசுப் பள்ளிகளில் 1987 முதல் அடிக்கத் தடை, அதனால் ரீவியிலும் அடிக்க முடியாது என்று விளக்கினேன். "அப்ப இது போர்டிங் இல்லை, பிக்னிக்" என்றார்.

சாப்பாட்டு மேசைதான் எங்கள் வீட்டில் பெரிய விவாதம். அவித்த கோவாவையும் (முட்டைக்கோஸ்) ஈரலையும் பிள்ளைகள் தட்டில் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். மகன் அவர்கள் பக்கம், அப்பா சமையற்காரர் பக்கம். எனக்குத் தோன்றியது வேறு. இங்கிலாந்தில் இனிப்புக்குப் பங்கீடு நீங்கியது 1953-இல்தான், இறைச்சிக்கு 1954-இல். நிஜமான 1950களின் பிள்ளை அந்த மேசைக்கு வந்தது போர்க்காலச் சாப்பாட்டிலிருந்து. அதற்கு அந்த ஈரல் விருந்தாகக்கூட இருந்திருக்கும். இந்தப் பிள்ளைகளோ முதல் நாள் வரை பீட்ஸா சாப்பிட்டவர்கள். உடுப்பை மாற்றிவிடலாம், கட்டிலை மாற்றிவிடலாம், நாக்கை எப்படி மாற்றுவது?

கணக்கு வகுப்பு வந்தபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கால்குலேட்டர் இல்லை. பவுண், ஷில்லிங், பென்ஸ்: பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண். 1971-இல் தூக்கி எறியும்வரை இந்த நாடு அப்படித்தான் எண்ணியது. அப்பா உடனே மகனிடம், "மூன்று பவுண் பதினேழு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஏழால் பெருக்கு" என்றார். மகன் தாளை எடுப்பதற்குள் "இருபத்தேழு பவுண், ரெண்டு ஷில்லிங், ஆறு பென்ஸ்" என்று அவரே விடை சொல்லிவிட்டார். இலங்கையில் அப்போதே ரூபாயும் சதமும்தான். ஆனாலும் கணக்குப் புத்தகத்தில் பவுண் இருந்ததாம். கண்ணால் காணாத காசுக்கு வாய்ப்பாடு மனப்பாடம்.

இரவில் விளக்கை அணைத்த பிறகு ஒரு பிள்ளை போர்வைக்குள் அழுதது. அதுவரை கேலி செய்துகொண்டிருந்த அப்பா எழும்பிக் குசினிக்குப் போனார். தேத்தண்ணியோடு திரும்பி வந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். மேற்பார்வையாளர் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்ட விடுவார். சொறி பிடித்து உடம்பெல்லாம் புண்ணாகக் கிடந்த மாதத்திலும் 'நான் நல்ல சுகம்' என்றே நாலு கடிதம் போயிருக்கிறது.

இருபது வருஷமாகியும் மறக்கவில்லை, அதனால்தான் கேட்கிறேன். வேறு யாராவது இப்படிப்பட்ட நிகழ்ச்சியை வீட்டில் பெரியவர்களோடு பார்த்திருக்கிறீர்களா?

* * *

இத்தாலி, பலெர்மோ

அக்கா, இங்கே அதன் இத்தாலிய வடிவம் 'இல் கொலேஜியோ'. இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியான ராயின் இரண்டாவது சானல், ராய் 2-இல் 2017 ஜனவரியில் தொடங்கியது. வடக்கே பெர்கமோ பக்கம் ஒரு பழைய விடுதிக் கட்டடத்தில் எடுத்தார்கள். முதல் சீசன் 1960, அடுத்தது 1961, பிறகு 1968, 1982 என்று சீசனுக்குச் சீசன் காலம் மாறும். எங்கள் பலெர்மோத் தமிழ்ப் பிள்ளைகள் விடாமல் பார்த்தவை ராயில் இரண்டுதான்: ஒன்று சான்ரெமோ பாட்டுப் போட்டி, மற்றது இது.

உங்கள் ஆங்கிலத் தொடரில் சாப்பாடு என்றால் இங்கே தலைமுடி. பெடியன்கள் வந்து இறங்கியதும் முடிவெட்டுபவர் கத்தரியோடு நிற்பார். நீலச் சாயம் பூசிய முடி தரையில் விழும், பெடியன் அழுவான், பின்னால் சோக இசை. என் மகளுக்கு அப்போது பதின்மூன்று. அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அப்பா, வெளியே வந்ததும் அவனுக்கு இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் சேருவார்கள் தெரியுமா? நானென்றால் மொட்டையே அடிப்பேன்" என்றாள். அவள் சொன்னது சரிதான். அதில் வந்த சிலர் அதையே தொழிலாக்கிக்கொண்டார்கள்.

எனக்குக் குறையாகப் பட்டது ஒன்று உண்டு. கடைசிப் பரீட்சை தெர்சா மீடியா, அதாவது பதின்மூன்று பதினாலு வயதில் எழுதுவது. அதற்குப் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் தடுமாறுவதைக் காட்டிச் சிரிக்கிறார்கள். ஆனால் நிஜமான 1960-இல் எல்லாப் பிள்ளையுமா அந்தப் படிக்கட்டில் ஏறியது? அப்போது அந்த நடுநிலைப் பள்ளிக்குள் போகவே பதினோரு வயதில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. உள்ளே போனால் லத்தீன். எல்லாருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்று சட்டம் வந்தது 1962 கடைசியில். அதே 1960-இல்தான் ராய் தொலைக்காட்சி ஆல்பெர்த்தோ மன்சி என்ற ஆசிரியரை வைத்து, எழுத்தறியாத பெரியவர்களுக்கு அ ஆ சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. கரித்துண்டால் பெரிய தாளில் படம் வரைந்து எழுத்துச் சொல்லித்தருவார். நான் வீட்டு வேலைக்குப் போகும் இடத்தில் இருக்கும் தொண்ணூறு வயது அம்மா, தன் தாய் அப்படித்தான் கையெழுத்துப் போடப் பழகினார் என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் இந்த நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இது பணக்கார வீட்டுப் பள்ளி. எங்கள் பள்ளிக்குக் கூரை இல்லை" என்று சானலை மாற்றச் சொன்னார்.

* * *

பாரிஸ், லா கூர்நெவ்

எங்களுக்கு 2004-இல் எம்6 சானலில் வந்தது, 'பான்சியோனா த ஷவான்யே'. வாந்தே பகுதியில் எடுத்தது. 1950களின் செர்திஃபிக்கா தெத்யூத், அதாவது தொடக்கப் பள்ளிப் படிப்பை முடிக்கும் பரீட்சைக்குத் தயார் செய்தார்கள். சொல்வதெழுதுதலில் ஐந்து பிழை விட்டால் பூச்சியம் என்பது அந்தப் பரீட்சையின் பேர்போன விதி. நானும் மைக்கூடு இல்லாமல், சாதாரணப் பேனாவால், ரீவி முன் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பிரான்ஸ் வந்து பதினாறு வருஷம், குடியுரிமை எடுத்து மூன்று வருஷம். முதல் பந்தியிலேயே எனக்குப் பூச்சியம். இங்கே பிறந்த என் மகனுக்கும் பூச்சியம். ரீவியில் இருந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் திணறினார்கள். அன்றைக்குத்தான் நான் இந்த நாட்டுக்காரி என்ற உணர்வு வந்தது, பகிடிக்குச் சொல்லவில்லை.

* * *

திருச்சி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்ன நிகழ்ச்சிகளின் துண்டுகளை யூடியூபில் பார்த்தேன். எல்லோரும் 'அந்தக் காலம்' என்றே சொல்கிறீர்களே என்று ஆச்சரியமாக இருந்தது.

என் அக்கா மகள் 2015 முதல் 2017 வரை நாமக்கல் மாவட்டத்தில் ஒரு ஹாஸ்டலில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்தாள். காலை ஐந்துக்கு ஸ்டடி, இரவு பத்தரைக்கு விளக்கு. போன் கிடையாது. மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம். அன்றைக்கு வாசல் மரத்தடியெல்லாம் ஜமுக்காளம் விரித்து டிபன் கேரியரைத் திறந்துவைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவார்கள். பதினேழு வயதுப் பையனுக்கு அம்மா ஊட்டுவாள், அவனும் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்வான். மணி அடித்ததும் எல்லோரும் உள்ளே. மட்டன் குழம்பு கையோடு ஓடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைக்காரர்கள் செட் போட்டு எடுக்க வேண்டியதை நாம் ஃபீஸ் கட்டி அனுபவித்தோம். அவள் இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள், வேலையில் இருக்கிறாள். அந்த ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் மட்டும் ஏற மாட்டாள். சேலம் போய்ச் சுற்றிக்கொண்டு வருவாள்.

* * *

லண்டன், ஹரோ

திருச்சித் தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு. அந்த ஜமுக்காளத்தை வாசித்ததும் எனக்கும் ஒன்று எழுதத் தோன்றியது.

இந்தத் தொடர்களில் பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் நாலாவது வாரம் காருக்குள் ஏறுவார்கள் என்று அவர்களுக்கே தெரியும். அப்பா கடைசிப் பகுதி பார்த்தபோது அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஒரு மாசந்தானே. ஒரு மாசம் நானும் சிரிச்சுக்கொண்டு இருப்பன்." ஓ லெவல் முடிவு என்ன என்று மகன் பரபரத்தான், அப்பாவுக்கு அதில் அக்கறையே இல்லை. (இலங்கையில் ஓ லெவல் அதே பெயரில் இன்னும் நடக்கிறது என்பதை மகன் நம்பவேயில்லை. இங்கே 1988 முதல் ஜிசிஎஸ்இ அதன் இடத்துக்கு வந்துவிட்டதே.)

பலெர்மோத் தம்பி தனிமடலில், "அந்தக் கடிதங்களை வாசித்தும் உங்கள் அப்பம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லையா?" என்று கேட்டிருந்தார். அதே கேள்வியை நான் அன்றைக்கே அப்பாவிடம் கேட்டேன்.

மேற்பார்வையாளர் கடிதத்தைத்தான் வாசிப்பாராம். முத்திரையை ஒட்டுவது பிள்ளைகள். வீட்டை விட்டுப் புறப்படும்போதே அப்பம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்: பசியோ வருத்தமோ என்றால் முத்திரையைத் தலைகீழாக ஒட்டு. சொறி பிடித்த மாதத்தில் நாலு கடிதத்திலும் தலைகீழ். நாலாவது கடிதம் கிடைத்த சனிக்கிழமை, அப்பம்மா வெள்ளாப்பிலேயே முதல் பஸ் பிடித்து, வேப்பெண்ணெய்ப் போத்தலும் பொரிவிளாங்காயுமாக வாசலில் நின்றிருக்கிறார்.

உள்ளே விடவில்லையாம். போத்தலை மட்டும் வாங்கிக்கொண்டார்களாம்.