காந்தப் புலத்தைப் பறவைகள் எவ்வாறு உணர்கின்றன?

கேள்வி:
வலசை செல்லும் பறவைகள் புவியின் காந்தப் புலத்தைக் கொண்டு திசை அறிகின்றன என்று படித்தேன். ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரையே வலிமையுள்ள அந்தப் புலத்தை ஓர் உயிருடல் எவ்வாறு உணர்கிறது? உடலுக்குள் காந்த ஊசி போன்ற ஏதேனும் உள்ளதா?

மறுமொழி 1:
ஊசி என்ற ஒப்புமை நம்மைத் தவறான பக்கம் இட்டுச் சென்றுவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த வோல்ஃப்காங், ரோஸ்விதா வில்ச்கோ இணையர் 1972-இல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பிய ராபின்கள் என்னும் சிறு பறவைகள் வடமுனை, தென்முனை என்று பிரித்தறிவதில்லை என்றும், புலக்கோடுகள் தரையோடு கொள்ளும் சாய்வைக் கொண்டே துருவப் பக்கத்தையும் நிலநடுக்கோட்டுப் பக்கத்தையும் அறிகின்றன என்றும் காட்டியது. புலத்தின் கிடைக்கூறை மட்டும் தலைகீழாக்கினாலும், செங்குத்துக்கூறை மட்டும் தலைகீழாக்கினாலும் பறவைகள் எதிர்த்திசையை நாடின. இரண்டையும் சேர்த்து மாற்றியபோது அவற்றின் திசை மாறவில்லை. இத்தனை எளிய சோதனை இவ்வளவு தெளிவாக விடை தந்ததை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

மறுமொழி 2:
உணரும் உறுப்பு கண்ணாக இருக்கலாம் என்பதே இன்று வலுவான கருத்து. விழித்திரையிலுள்ள கிரிப்டோகுரோம் என்னும் புரதத்தின் மீது நீல ஒளி படும்போது எலக்ட்ரான் ஒன்று இடம் பெயர்ந்து, இணைசேராத எலக்ட்ரான்கள் இரண்டு உருவாகின்றன. அவற்றின் தற்சுழற்சியைக் காந்தப் புலம் பாதிப்பதால் வேதிவினையின் போக்கே மாறுகிறது. ராபினின் கிரிப்டோகுரோம் 4 என்னும் வகை இவ்வாறு வினைபுரிவது 2021-இல் ஆய்வகத்தில் காட்டப்பட்டது. ஆயினும் உயிருள்ள பறவையில் இதுவே நிகழ்கிறது என்பது நிறுவப்படவில்லை.

கேள்வி கேட்டவர்:
ஒளி தேவை என்றால், இரவில் பறப்பவை என்ன செய்யும்?

மறுமொழி 2-ஐ எழுதியவர்:
இரவு வானின் மங்கலான ஒளியே போதுமானது. சோதனைகளில் பச்சை, நீல ஒளியில் சரியான திசையை நாடிய ராபின்கள், சிவப்பு ஒளியில் திசை தடுமாறின. மேலும், அவை காந்தப் புலத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. விண்மீன்களும் மறையும் சூரியனும் துணை நிற்கின்றன.