மெம்ஃபிஸ் பெல் விமானத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்தது சரிதானா?

தகட்டுப்பித்தன்:
அமெரிக்காவின் ஓஹையோவில் இருக்கும் டேட்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் மெம்ஃபிஸ் பெல் (பி-17எஃப், இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சு விமானம்) பார்த்தேன். மூக்கின் இரு பக்கமும் பெண் படம்: இடப்பக்கப் பெண் நீல உடை, வலப்பக்கப் பெண் சிவப்பு உடை, எல்லாம் நேற்று வரைந்த மாதிரி பளிச். 1943-ல் போர்ச் செலவுக்கு மக்களிடம் கடன் திரட்டும் போர்ப் பத்திரம் விற்க ஊர் ஊராக இதை ஓட்டிப்போனபோது ஜனங்கள் தகட்டில் கீறிய நூற்றுக்கணக்கான பெயர்கள் பெயின்டை உரித்தபோது வெளிவந்தனவாம். அதைக் கேட்டதிலிருந்து மனசு கேட்கவில்லை. பழசை அப்படியே விட்டிருக்கலாமே?

ரிவெட்டு:
விடுவதற்குப் பழசு எங்கே மிஞ்சியது? மெம்ஃபிஸ் நகரில் பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது, நினைவுப்பொருள் என்று சொல்லி உள்ளே இருந்த கருவிகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், நடுவில் பலமுறை பெயின்டும் அடித்தாகிவிட்டது. அந்தப் பெண் படங்களை வரைந்த ஓவியர் டோனி ஸ்டார்சர் 1942-ல் போட்ட கோடு அதில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2005-ல் டேட்டனுக்கு வந்தபோது துருவும் அரிப்பும்தான் பெரிய தலைவலி. அதே நாட்டில் ஃப்ளாக்-பெய்ட் என்ற பி-26 குண்டுவீச்சு விமானம் இருக்கிறது, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தினுடையது. இருநூறுக்கும் மேல் பறப்பு, ஆயிரத்துக்கும் மேல் ஓட்டை அடைத்த ஒட்டு. அதில் போர்க்காலப் பெயின்டே தங்கிவிட்டது, மூக்கில் வரிசையாகக் குண்டுப் படங்கள். அதனால் அங்கே புதுப் பெயின்ட் வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றுவோம் என்று முடிவெடுத்தார்கள். இரண்டுக்கும் ஒரே சட்டம் பேச முடியாது நண்பரே.

பட்டறைக்காரன்:
ரிவெட்டு சொல்வது சரி, ஆனால் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னாலேயே உரித்துவிடுகிறார்கள், அதுதான் என் எரிச்சல். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் பழைய ராணுவ ஜீப்புக்குப் பெயின்ட் ரிமூவரை ஊற்றி ஒரே மதியத்தில் வழித்தெடுத்தோம். கதவோரம் கையால் எழுதிய எண் ஒன்று இருந்தது. போட்டோகூட எடுக்கவில்லை, போச்சு. யாராவது இந்த வேலையில் இறங்கினால் முதலில் இருட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், மேல் பெயின்டுக்கு அடியில் இருக்கும் எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும். அடியில் இருப்பது தெரியும் மெல்லிய தாளை மேலே வைத்து அளவு மாறாமல் பிரதி எடுங்கள். அப்புறம் மூலையில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் எத்தனை பூச்சு, எந்த நிறம் என்று வளையம் வளையமாகக் காட்டும். புதுசு அடித்தே ஆகவேண்டும் என்றால், பின்னாளில் கழுவி எடுக்கக்கூடிய வார்னிஷ் ஒன்றை நடுவில் கொடுத்துவிட்டு அடியுங்கள்.

தகட்டுப்பித்தன்:
சரி, பெல் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், அரைமனதாக. அடுத்து ஃப்ளாக்-பெய்ட்தான். பெயரே நன்றாக இருக்கிறது, எங்கிருந்து வந்தது?

ரிவெட்டு:
விமானி ஃபாரெலின் வீட்டு நாயிலிருந்து. அதை ஃப்ளீ பெய்ட் என்று கூப்பிடுவார்களாம், தெள்ளுப்பூச்சிக்கு இரை! ஃப்ளாக் என்றால் விமானத்தை நோக்கித் தரையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு, அதற்கு இரை என்று மாற்றிவிட்டார்.