கொழுந்துச் சீட்டுப் படம்: ஜேசனுக்குள்ளா, தனி முகவரியிலா?

மஸ்கெலியா_தம்பி:
சிறு தேயிலைத் தோட்டக்காரர்களுக்கு ஃபிளட்டரில் (போன் செயலி எழுதும் கருவித்தொகுப்பு) ஒரு செயலி செய்கிறேன். கொழுந்து நிறுக்கும்போது கொடுக்கிற சீட்டைப் படமெடுத்து ஏற்றுவார்கள், பிறகு பட்டியலில் பார்ப்பார்கள். செயலிக்குத் தரவு கொடுக்கும் சர்வர் பக்கம் (ஏபிஐ) ஏஎஸ்பி டாட் நெட் கோரில். படத்தை பைட் அரேயாக மாடலில் வைத்து அனுப்பினேன், அது தானாகவே பேஸ்64 ஆகி, அதாவது வெறும் எழுத்துகளாக மாறி, ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவுக்குள் போகிறது. கண்டி டவுனில் நன்றாக ஓடுகிறது. எங்கள் பக்கம் மலைக்குப் பின்னால் சிக்னல் ஒரு கோடுதான், 20 சீட்டுப் பட்டியல் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது.

பதுளைக்காரி:
ஆறத்தான் செய்யும் தம்பி. பேஸ்64இல் 3 பைட் 4 எழுத்தாகிறது, 300 கேபி படம் 400 கேபி. இருபதுக்கு 6 எம்பி போக வேண்டிய இடத்தில் 8 எம்பி. ஜேசனில் படத்தின் முகவரியை மட்டும் கொடுங்கள், அந்த முகவரியில் இமேஜ்/ஜேபெக் என்ற வகையோடு கோப்பை ஸ்ட்ரீமாக அனுப்புங்கள். அதற்கு ஏஎஸ்பி டாட் நெட்டின் ஃபைல்() அழைக்கும்போது மூன்றாவதாகக் கோப்புப் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள், பிரவுசரில் திறந்தால் படம் தெரியாமல் டவுன்லோட் ஆகும், நான் அரை நாள் தலையைச் சொறிந்த இடம் அது.

ஹட்டன்_பழசு:
பேஸ்64இல் 33% கூடும் என்ற இந்தக் கதையை எத்தனை வருடமாகச் சொல்வீர்கள்? சர்வரில் ஜிசிப் சுருக்கம் போட்டால் அந்தக் கூடுதலில் பெரும்பகுதி வழியிலேயே சுருங்கிவிடும். ஒரே அழைப்பு, ஆள் யாரென்று காட்டும் டோக்கனுக்கு ஒரே சோதனை, முடிந்தது. நீங்கள் சொல்கிறபடி செய்தால் பட்டியலுக்கு ஒன்று, படங்களுக்கு இருபது என்று இருபத்தொரு அழைப்பு, அதுவும் ஒரு கோடு சிக்னலில்.

பதுளைக்காரி:
ஜிசிப் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாளைக்கு ஒரே ஒரு புதுச் சீட்டு சேர்ந்தால் உங்கள் ஜேசன் மாறிவிடும், பழைய 19 படமும் திரும்ப இறங்கும். டேட்டா கார்ட் போடுகிறவர் காசு ஐயா அது. எடுத்த சீட்டுப் படம் மாறப் போவதில்லை, படத்தோடு போகும் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் பிரைவேட் (அந்த ஆளின் கருவியில் மட்டும் சேமி) என்றும் நீண்ட மேக்ஸ்-ஏஜும் (எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்) போட்டால் ஒரு தடவை இறங்கியது போனிலேயே இருக்கும்.

ஹட்டன்_பழசு:
இருக்காது. ஃபிளட்டரில் படம் காட்டும் இமேஜ்.நெட்வொர்க் நினைவகத்தில் மட்டும்தான் வைக்கும், செயலியை மூடினால் போச்சு. உங்கள் ஹெடரை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

கொட்டகலை_மச்சான்:
பழசு சொல்வது உண்மைதான், ஆனால் அதற்காக பேஸ்64க்குப் போக வேண்டியதில்லை. கேஷ்டு_நெட்வொர்க்_இமேஜ் பொதியைப் போட்டால் போனின் சேமிப்பில் எழுதும், டோக்கனையும் ஹெடரில் அனுப்பலாம். வலைப்பக்கத்தின் வெறும் எச்டிஎம்எல் இமேஜ் டேக் என்றால்தான் டோக்கன் போகும் ஆதரைசேஷன் ஹெடர் அனுப்ப முடியாது. அங்கே முகவரியிலேயே அனுமதியைச் சேர்க்கும் கையொப்பமிட்ட முகவரி என்று போனால் ஒவ்வொரு தடவையும் முகவரி மாறும், கேஷும் வீண்.

அது கிடக்கட்டும், பட்டியலுக்கு எதற்கு முழுப் படம்? ஏற்றும்போதே சின்னப் படம் ஒன்று செய்து வை மச்சான். 15 கேபி வீதம் இருபதுக்கு 300 கேபி. தட்டினால் மட்டும் பெரியது இறங்கட்டும். அப்புறம் முகவரியில் கோப்புப் பெயரை அப்படியே வாங்கிப் பாதையோடு ஒட்டாதே, இரண்டு புள்ளியும் சாய்கோடும் போட்டு யாராவது சர்வரின் வேறு கோப்பை எடுத்துவிடுவான். சீட்டு எண்ணை வாங்கு, அந்தச் சீட்டு அந்த ஆளுடையதுதானா என்று பார், அதற்குப் பிறகு கொடு.

மஸ்கெலியா_தம்பி:
சின்னப் படத்தையும் தனி முகவரியையும் நேற்று இரவு போட்டேன். காலையில் லயத்து வாசலிலேயே நின்று திறந்து பார்த்தேன், எழுத்து உடனே வருகிறது, படம் ஒவ்வொன்றாக நிரம்புகிறது. அழைப்பு இருபத்தொன்றுதான் அண்ணா, ஆனால் எழுத்து படத்துக்காகக் காத்திருப்பதில்லை.

ஹட்டன்_பழசு:
சரி, சீட்டுக்கு அப்படி வைத்துக்கொள்ளுங்கள். என் செயலியில் இருக்கிற 2 கேபி ஐகானை நான் ஜேசனில்தான் அனுப்புவேன், யாரும் கேட்காதீர்கள்.