14 முட்டை வச்சேன், 5 தான் பொரிஞ்சுது, இப்ப குஞ்சுக்கு வெள்ளையா போகுது, யாராவது சொல்லுங்க

மாடிக்கோழி:
வணக்கம் மக்களே. பெங்களூர் ராமமூர்த்தி நகர்ல இருக்கேன், ஊர் தருமபுரி பக்கம். போன மாசம் அம்மா 14 சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை தவிட்டுல புதைச்சு பஸ்ல குடுத்து விட்டாங்க. அடைக்கோழி கையில இல்ல, அதனால எஸ்.பி. ரோடுல தெர்மோஸ்டாட் வாங்கி தெர்மாகோல் பெட்டில ரெண்டு பல்பு போட்டு நானே இன்குபேட்டர் பண்ணேன். ஃபேன் கிடையாது. 37.5 டிகிரி செல்சியஸ்ல செட் பண்ணி, முட்டை வந்த அன்னைக்கு ராத்திரியே வச்சுட்டேன், தினமும் மூணு தடவ திருப்பினேன். 21ஆம் நாள் ஒண்ணுமே இல்ல, 22ஆம் நாள் ராத்திரி தான் முதல் கொத்தல். கடைசில 5 குஞ்சு. 3 கூமுட்டை, அது சரி. ஆனா மீதி 6 ஒடச்சு பாத்தா உள்ள முழுசா ரோமத்தோட வளர்ந்து செத்துக் கெடக்கு, மனசே சரியில்ல. எங்க தப்பு?
இன்னொண்ணு, குஞ்சுக்கு இன்னைக்கு நாலாவது நாள், ரெண்டுக்கு பின்னாடி வெள்ளையா ஒட்டி காஞ்சிருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளைக்கழிச்சல், எல்லாம் போயிடும்னு சொல்லிட்டு போயிட்டார். நெஜமா?

கே.ஆர்.புரம் அக்கா:
தம்பி, 22ஆம் நாள் ராத்திரின்னு நீயே சொல்லிட்ட பாரு, அங்கயே பதில் இருக்கு. லேட்டா பொரிஞ்சா சூடு பத்தலன்னு அர்த்தம். 37.5ங்கறது ஃபேன் ஓடுற பெட்டிக்கு. ஃபேன் இல்லன்னா மேல ஒரு சூடு கீழ ஒரு சூடு இருக்கும், முட்டையோட மேல்மட்டத்துல வச்சு பாத்தா 38.5 பக்கத்துல இருக்கணும். உன் சென்சார் எங்க தொங்குச்சு?
அப்புறம் பஸ்ல குலுங்கி வந்த முட்டைய அன்னைக்கே வைக்கக்கூடாது, கூர் முனை கீழ இருக்கற மாதிரி அட்டைல நிறுத்தி ஒரு நாள் அப்படியே விடணும், உள்ள காத்து அறை நெலைக்கு வரணும்ல.
கடைசி மூணு நாள் பத்தி நீ ஒண்ணுமே சொல்லல. 18ஆம் நாளோட திருப்புறத நிறுத்தணும், தண்ணி தட்டுல ஸ்பாஞ்ச் போட்டு ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு ஏத்தணும், அதுக்கப்புறம் மூடியத் தொறக்கவே கூடாது. நம்ம பெங்களூர்ல பிப்ரவரி மார்ச்சுல காத்து எவ்ளோ காஞ்சு கெடக்கும், உதடே வெடிக்குது. நீ எட்டி எட்டி பாத்திருப்ப, ஈரம் போய் உள்தோல் குஞ்சு மேல சுருங்கி ஒட்டிக்கும், அது திரும்பி ஓட்ட ஒடைக்க முடியாம அங்கயே போயிடும். கோழிய பாரு, கடைசி நாள்ல தீனிக்குக் கூட எழுந்திரிக்காது, கைய விட்டா கொத்தும்.

மாடிக்கோழி:
அக்கா சென்சார் மூடிக்குக் கிட்ட தொங்குது, பல்புக்கு ஒரு சாண் கூட இல்ல 🤦 அப்படின்னா முட்டைகிட்ட 37 கூட இருந்திருக்காது. எட்டிப் பாத்தேனான்னா, வீடியோ கால்ல அம்மாக்கு காட்டணும்னு அரை மணிக்கு ஒரு தடவ தொறந்தேன்.

வெட்_இன்டர்ன்:
ஹெப்பாள் வெட்னரி காலேஜ்ல படிக்கிறேன் ப்ரோ. மொதல்ல பயப்படாதீங்க, நாலு நாள் குஞ்சுக்கு பின்னாடி ஒட்டிக்கறது பெரும்பாலும் குளிராலயோ அதிக சூட்டாலயோ தான். வெதுவெதுப்பான தண்ணில பஞ்சு நனச்சு ஊற வச்சு தொடச்சு எடுங்க, பிச்சு இழுக்காதீங்க தோல் கிழியும், தொடச்சதும் காய வச்சு பல்பு கீழ விடுங்க. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 கொறச்சுக்கலாம். தெர்மாமீட்டர விட குஞ்சே சொல்லும், பல்பு அடில குவிஞ்சா குளிருது, ஓரமா ஒதுங்கி வாயத் தொறந்தா சுடுது.
பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வெள்ளைக்கழிச்சல், அதான் ராணிக்கெட், அது வேற மாதிரி: பச்சையும் வெள்ளையுமா கழியும், மூச்சுத் திணறும், கழுத்து முறுக்கிக்கும். ஆனா தாய்க்கோழிகிட்ட இருந்து முட்டை வழியா வர்ற சால்மோனெல்லா ஒண்ணு இருக்கு, அதுலயும் வெள்ளையா ஒட்டும். ஒண்ணு பின்னாடி ஒண்ணா சாக ஆரம்பிச்சா செத்தத ஐஸ்ல வச்சு காலேஜுக்கு எடுத்துட்டு வாங்க, ஃப்ரீஸர்ல வைக்காதீங்க.
தடுப்பு மருந்து விஷயம்: 7ஆம் நாள் லசோட்டா (ராணிக்கெட்டுக்கு) கண்ணுல ஒரு சொட்டு, 14ல கம்போரோ நோய்க்கான மருந்து, 28 வாக்குல திரும்ப லசோட்டா, 8 வாரத்துல ஆர்2பி, அதுவும் ராணிக்கெட்டுக்குத் தான், ஊசியா போடறது. நோஞ்சானா இருக்கறப்ப போடாதீங்க.

கே.ஆர்.புரம் அக்கா:
லசோட்டாவ தண்ணில கலக்குறேன்னு நான் பண்ண கூத்தையும் சொல்லிடறேன். காவேரி தண்ணி வருதே, அதுல அப்படியே கலந்தேன். குளோரின் மருந்த சாகடிச்சிருக்கு, மறு மாசம் சீக்கு வந்து 9 கோழி போச்சு. மிளகு சீரகம் மஞ்சள் பூண்டு அரச்சு உருண்டை குடுத்தேன், ஒண்ணும் நிக்கல.

வெட்_இன்டர்ன்:
உருண்டை குடுக்கறதுல தப்பில்லக்கா, ஆனா ராணிக்கெட் வைரஸ், வந்துட்டா மருந்தே கிடையாது, முன்னாடியே போட்டாத்தான்.

ஓசூர்ரோடு_சேவல்:
பிரச்சன என்னன்னா பாஸ் 5 குஞ்சுக்கு சின்ன பாட்டில் கேட்டா 100 டோஸ் தான் தர்றான், கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துல முடிச்சாகணும், மீதி சாக்கடைல தான். நாங்க மடிவாளால நாலு வீடு சேந்து ஒரே நாள்ல போட்டுக்கறோம், ஒருத்தர் ஐஸ் போட்ட பிளாஸ்க்ல வாங்கிட்டு வருவார். நீங்களும் அப்படி ஆள் பாருங்க. இன்னொண்ணு, அஞ்சுல சேவல் இருந்தா இப்பவே பக்கத்து வீட்டுக்கு முட்டை லஞ்சம் குடுக்க ஆரம்பிங்க, காலை நாலரைக்கு கத்தும் 😂 முட்டை போட சேவல் தேவையே இல்ல, அடை வைக்கத்தான் வேணும். மாடில பெருச்சாளி வருமா? கோழி வலை போடாதீங்க அது கடிச்சிடும், இரும்பு வெல்டு மெஷ் தான்.

மாடிக்கோழி:
தொடச்சு விட்டேன், ரெண்டும் இப்ப குருணை கொத்துது. சென்சார முட்டை மட்டத்துக்கு எறக்கிட்டேன். அக்கா உங்க வீட்ல வர்ற ஞாயித்துக்கிழமை யாருக்காவது லசோட்டா போடணுமா? கணக்கு சரியா 7ஆம் நாள் வருது, பாட்டில் காசு பாதி நான் தரேன்.

கே.ஆர்.புரம் அக்கா:
11 குஞ்சு இருக்கு, காலைல ஏழுக்கு வா, வெயில் ஏறிட்டா வேணாம். பிளாஸ்க் இருக்கு, ஐஸ் மட்டும் கொண்டா.