பெரும்பக்க ‘ரிசர்வேஷன்’: ஒதுக்கீடா, முன்பதிவா, அச்சாரமா?

வணக்கம்.

லினக்ஸ் கெர்னலில் பெரும்பக்கங்களைக் கையாளும் ஹியூஜ்டிஎல்பி என்ற பகுதியின் ஆவணத்தைத் தமிழாக்கும்போது ஒரு சொல் காலை வாருகிறது. அலோக்கேஷன், ரிசர்வேஷன் இரண்டுக்கும் கைக்கு வருவது ‘ஒதுக்கீடு’தான். ‘நினைவக ஒதுக்கீடு’ என்றால் முதலாவது, ‘இட ஒதுக்கீடு’ என்றால் இரண்டாவது. பேச்சில் இதனால் கெடுதல் இல்லை. கெர்னலில் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் நடக்கின்றன, தோற்கும்போது வெவ்வேறு விதமாகத் தோற்கின்றன.

நினைவகத்தைக் கெர்னல் ‘பக்கம்’ என்ற துண்டுகளாகக் கையாள்கிறது. எக்ஸ்86-64 கணினியில் சாதாரணப் பக்கம் 4 கேபி, பெரும்பக்கம் 2 எம்பி, அதாவது 512 சிறு பக்கங்கள். நிர்வாகி ‘என்ஆர்_ஹியூஜ்பேஜஸ்’ அமைப்பில் ஓர் எண்ணை எழுதினால் அத்தனை பக்கங்கள் தனிக் கிடங்கில் சேரும். நிரல் நினைவகம் கேட்டு எம்மேப் என்ற அழைப்பை விடுக்கும்போது கெர்னல் ஒரு பக்கத்தையும் எடுத்துக் கொடுப்பதில்லை. ‘இன்னும் இத்தனை தரவேண்டியிருக்கிறது’ என்று கணக்கை மட்டும் ஏற்றிக்கொள்கிறது. நிரல் அந்த முகவரியை முதன்முதலாகத் தொடும்போதுதான் பேஜ் ஃபால்ட் (பக்கம் இன்னும் இல்லை என்ற குறுக்கீடு) வந்து, கிடங்கிலிருந்து பக்கம் வெளியே வரும், கணக்கில் ஒன்று குறையும். முன்னது ரிசர்வேஷன், பின்னது அலோக்கேஷன்.

முன்னது தோற்றால் எம்மேப் ‘ஈநோமெம்’, அதாவது நினைவகம் இல்லை, என்று திரும்பும். நிரல் சாதாரணப் பக்கங்களுக்கு இறங்கிப் பிழைத்துக்கொள்ளலாம். பின்னது தோற்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரலைக் கொல்லும் சிக்பஸ் சமிக்ஞை வந்து விழும், பெரும்பாலும் அதோடு முடிந்தது. இரண்டையும் ‘ஒதுக்கீடு தோற்றது’ என்று எழுதினால் படிப்பவர் எங்கே போய்த் தேடுவார்?

நினைவக நிலவரத்தைக் காட்டும் ப்ராக் அடைவின் மெமின்ஃபோ கோப்பில் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பகிர்நினைவகத்துக்கு 4,240 பெரும்பக்கங்கள் வேண்டும், கிடங்கில் 4,400 போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளம் கிளம்பிச் சற்று நேரத்தில் 400 பக்கங்களைத் தொட்டிருக்கிறது:

டோட்டல் 4400
ஃப்ரீ 4000
ரிசர்வ்ட் 3840
சர்ப்ளஸ் 0

ஃப்ரீ 4000 என்பதைப் பார்த்து ‘8 ஜிபி சும்மா கிடக்கிறதே’ என்று இன்னொரு நிரலுக்கு 300 பக்கம் கேட்டால் எம்மேப் மறுத்துவிடும். 4000-இல் 3840 ஏற்கெனவே பேசி முடித்தவை, மிஞ்சுவது 160தான். ஃப்ரீயை ‘காலி’ என்றும், ரிசர்வ்டை ‘ஒதுக்கப்பட்டவை’ என்றும் பெயர்த்தால் இந்தக் கழித்தல் கணக்கே மறைந்துவிடும். ஒதுக்கப்பட்டது எப்படிக் காலியாக இருக்கும் என்று படிப்பவர் கேட்பார், நியாயமாகத்தான்.

என் முன்மொழிவு: அலோக்கேஷன் ‘ஒதுக்கீடு’, ரிசர்வேஷன் ‘முன்பதிவு’.

* * *

> ரிசர்வேஷன் ‘முன்பதிவு’

சிக்கலைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். தீர்வில்தான் உடன்பாடில்லை. முன்பதிவு என்றதும் நம் ஆட்களுக்கு எஸ்4, 23, கீழ்ப் படுக்கை என்று ஓர் எண் மனசில் வரும். இங்கே எந்தப் பக்கம் என்று குறிப்பதே இல்லை, வெறும் எண்ணிக்கை. அதுவும் கணினி முழுவதற்குமான எண்ணிக்கை. இரண்டு நூமா முனைகள் (தனித்தனி நினைவகம் கொண்ட பகுதிகள்) உள்ள கணினியில் ஒரு நிரலை முனை 1-இன் நினைவகத்துக்குள் மட்டும் சிபியுசெட் என்ற கட்டுப்பாட்டால் கட்டிப்போட்டால், அழைக்கும் நேரத்தில் அந்த முனையில் போதிய பக்கம் இருந்தால் எம்மேப் வென்றுவிடும், ஆனால் அவற்றை அந்த முனையில் யாரும் பிடித்துவைப்பதில்லை. பிறகு முனை 1-இல் பக்கம் தீர்ந்துவிட்டால் தொடும்போது சிக்பஸ். ‘முன்பதிவு செய்தும் இடமில்லையா’ என்று கேட்பார்களே!

‘அச்சாரம்’ எப்படி? பேச்சு முடிந்தது, சரக்கு பிறகு வரும் என்ற பொருள் அப்படியே கிடைக்கிறது.

இன்னொன்று. கெர்னல் ரிசர்வேஷன்களைக் குறித்துவைக்கும் ‘ரிசர்வ் மேப்’ என்பதை ‘முன்பதிவுப் பட்டியல்’ என்று எழுதிவிடாதீர்கள். பகிர்ந்த மேப்பிங்கில் (பல நிரல்கள் சேர்ந்து பயன்படுத்தும் எம்மேப் பகுதியில்) ஒரு பக்கத்துக்குப் பதிவு இருந்தால் ரிசர்வேஷன் இருக்கிறது, அல்லது முன்பு இருந்தது என்று பொருள். பக்கத்தைக் கொடுத்த பிறகும் அந்த வரியை அழிப்பதில்லை. தனிப்பட்ட மேப்பிங்கில் நேர்மாறு: வரி இல்லாவிட்டால்தான் ரிசர்வேஷன் இருக்கிறது; பக்கம் கொடுக்கக் கொடுக்க வரிகள் சேரும்.

* * *

> ‘அச்சாரம்’ எப்படி?

நல்ல சொல், விட மனமில்லை. ஆனால் அச்சாரத்தில் கேட்பவர் ஏதாவது கொடுக்கவேண்டும். இங்கே நிரல் ஒரு பைசா கொடுப்பதில்லை, வாக்குக் கொடுப்பது கெர்னல்தான். மாட்டுக்கு அச்சாரம் கொடுத்தால் எந்த மாடு என்பதும் அன்றே முடிவாகிவிடும், ஆக நீங்கள் சொன்ன குறை அங்கேயும் இருக்கிறது.

> எஸ்4, 23, கீழ்ப் படுக்கை

ரயிலிலேயே இதற்கு விடை இருக்கிறது. முதல் வகுப்பு ஏசி சீட்டில் ‘உறுதி’ என்று மட்டும் வரும். கூப்பேயும் படுக்கை எண்ணும் சார்ட் போடும்போதுதான். ஹியூஜ்டிஎல்பி செய்வது அச்சு அசலாக அதைத்தான். நூமா முனைச் சிக்கல் சொல்லின் குறை அல்ல, கெர்னலின் குறை. கணக்கு ஒரே மாறியில் ஓடுவதால் சிபியுசெட்டுக்குள் வாக்கு முறியலாம் என்று ஹியூஜ்டிஎல்பி மூலநிரலின் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. ஆவணத்தில் அங்கே ஓர் எச்சரிக்கை வரி போடுவோம்.

முன்பதிவை நான் விடாததற்கு இன்னொரு காரணம், ரிசர்வேஷன் வேண்டாம் என்று எம்மேப்பிடம் சொல்லும் ‘மேப்_நோரிசர்வ்’ கொடி. அதற்குத் தமிழ் தயாராக இருக்கிறது: முன்பதிவில்லா. முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறுபவரை யாரும் வாசலில் தடுப்பதில்லை. எம்மேப் வெல்லும், இடம் இருக்கிறதா இல்லையா என்பது உட்காரப் போகும்போது தெரியும், இல்லாவிட்டால் சிக்பஸ். ‘அச்சாரமில்லா’ என்றால் இந்தக் காட்சி வராது.

ஒரு நிரல் தன் நகலாகச் சேய் நிரலை உண்டாக்கும் ஃபோர்க் நடக்கும் இடத்திலும் பொருந்துகிறது. தனிப்பட்ட மேப்பிங்கின் முன்பதிவு எம்மேப் அழைத்த நிரலின் பெயரில் மட்டும். சேய் நிரலுக்கு அது போகாது. ஃபோர்க்குக்குப் பிறகு இருவரும் பகிரும் பக்கத்தில் தாய் எழுதப்போய், படியெடுக்கக் கிடங்கில் பக்கம் இல்லாவிட்டால், கெர்னல் சேயிடமிருந்து அந்தப் பக்கத்தைப் பிடுங்கித் தாயைக் காப்பாற்றும். சேய் பிறகு அந்த இடத்தைத் தொட்டால் கொல்லப்படலாம். சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் இடம்.

> ‘ரிசர்வ் மேப்’

ஏற்கிறேன். ‘பதிவேடு’ என்று மொட்டையாக வைப்போம். ஒரு பதிவேட்டில் சீட்டு வாங்கியவர்களைக் குறிக்கிறார்கள், இன்னொன்றில் ஏறி உட்கார்ந்தவர்களை டிக்கெட் பரிசோதகர் டிக் அடிக்கிறார். இரண்டும் பதிவேடுதான்.

பகிர்ந்த மேப்பிங்கின் பதிவேடு நிரலோடு அல்ல, கோப்பின் ஐநோடோடு (கோப்பைப் பற்றிய கெர்னலின் குறிப்போடு) ஒட்டியிருக்கிறது என்பதையும் ஆவணத்தில் அழுத்திச் சொல்லவேண்டும். நிரல் செத்த பிறகும் ஃப்ரீ ஏறவில்லை என்றால் பெரும்பக்கங்களுக்கான கோப்பு முறைமையான ஹியூஜ்டிஎல்பிஎஃப்எஸ் ஏற்றப்பட்ட அடைவில், வழக்கமாக டெவ் அடைவின் ஹியூஜ்பேஜஸில், பழைய கோப்பு கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதை அழித்தால்தான் பக்கங்களும் மிச்ச முன்பதிவும் திரும்பும்.

மற்றவை விரைவாக. பூல் என்பதற்கு ‘இருப்பு’ என்று முதலில் நினைத்தேன். அந்நியச் செலாவணி இருப்பு என்பதில் அது ரிசர்வ் என்று பொருள்படுகிறது, திரும்பவும் அதே குழி. ‘தொகுப்பு’ கம்பைலர்காரர்களிடம் போய்விட்டது. ‘கிடங்கு’ இருக்கட்டும். சர்ப்ளஸ் ‘உபரி’, மறுபேச்சில்லை. ஹியூஜ் பேஜ் ‘பெரும்பக்கம்’. 1 ஜிபி பக்கத்தை எக்ஸ்86 கெர்னல் ‘ஜைகான்டிக்’ என்று தனியாகப் பிரிப்பதால் அதற்கு ‘மாபெரும்பக்கம்’. இவ்வளவு பெரிய தொடர்ச்சியான துண்டு ஓடிக் களைத்த கணினியில் கிடைப்பது அரிது; கணினி கிளம்பும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் துவக்க வரியிலேயே ‘ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=1ஜி ஹியூஜ்பேஜஸ்=4’ என்று கேட்டு வாங்கிவிடுவது நல்லது. துவக்கத்தில் உண்மையான நினைவகத்தையே எடுத்து ஓரமாக வைப்பதால் அதை ‘முன்பதிவு’ என்று எழுதக்கூடாது, ‘ஒதுக்கிவைப்பு’ எனலாம்.

‘டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜ்’ என்பதற்கு ‘வெளிப்படையான’ என்று யாரும் போட்டுவிடவேண்டாம். கெர்னல் தானாகவே பெரும்பக்கம் கொடுப்பது நிரலுக்குத் தெரியாமல் நடப்பதால்தான் அந்தப் பெயர். நம் ‘வெளிப்படை’ அதற்கு நேர் எதிர். அதில் முன்பதிவும் கிடையாது, கிடங்கும் கிடையாது. தனி இழையில் பேசுவோம்.