அரை மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது: உச்சரிப்புக்கா, பேச்சுத் தொடர்களுக்கா?

வழிப்போக்கன்:
வேலையில் வாரா வாரம் வெளிநாட்டுக் குழுவோடு வீடியோ மீட்டிங். ஆங்கிலத்தில் மெயில் எழுதிவிடுவேன், படித்தாலும் புரியும். வாயைத் திறந்தால்தான் சிக்கல். நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் எனக்குப் பாதி பிடிபடுவதில்லை. தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடியும். அதை உச்சரிப்புக்குக் கொடுப்பதா, அன்றாடப் பேச்சில் வரும் சொற்களுக்கும் தொடர்களுக்கும் கொடுப்பதா? இரண்டும் வேண்டும் என்று எனக்கும் தெரியும். முதலில் எது என்று சொல்லுங்கள்.

மெல்லினம்:
உச்சரிப்புதான். உச்சரிப்பு என்றதும் பலரும் ‘திங்க்’, ‘திஸ்’ சொல்லும்போது நாக்கைப் பல்லுக்கு நடுவே வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் அதைச் சொல்லவில்லை. உங்களைத் திரும்பச் சொல்லவைப்பது அநேகமாக அசை அழுத்தம். ஒரு சொல்லின் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் ஓர் அசை எழும்பி நிற்கும், மற்றவை சுருங்கிவிடும். ‘டெவலப்’ என்பதில் நாம் முதல் அசையை ஓங்கிச் சொல்கிறோம். அவர்கள் ‘டி-வெ-லப்’ என்று நடு அசையில் ஏறுகிறார்கள். ‘ஹோட்டல்’ கடைசி அசையில் ஏறும். ‘கம்ஃபர்டபிள்’ என்று நாம் எழுத்தெழுத்தாகச் சொல்வது அவர்கள் வாயில் ‘கம்ஃப்டபிள்’ என்று மூன்றே அசையாகிவிடும்.

மீட்டிங்கில் தொகை, தேதி எல்லாம் வரும் இல்லையா? ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் ஒரே மாதிரி முதல் அசையில் அழுத்திச் சொன்னால் பதினைந்தா ஐம்பதா என்று எதிரில் இருப்பவர் திணறுவார். ‘டீன்’ நீள வேண்டும், அழுத்தமும் அங்கே விழ வேண்டும். எத்தனை தொடர்களை மனப்பாடம் செய்தாலும் இது சரியாகாது.

செங்கதிர்:
மெல்லினம் சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். ‘ஃபிஃப்டீன் மினிட்ஸ்’ என்று அடுத்த சொல்லோடு சேரும்போது ஆங்கிலேயர்களே அழுத்தத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள். அவர்களுக்கும் குழப்பம் வரும். அப்போது என்ன செய்கிறார்கள்? ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். இது உச்சரிப்புப் பயிற்சி இல்லை, ஒரு பேச்சுத் தொடர்.

மெயில் எழுதத் தெரிந்தவர் மீட்டிங்கில் தடுமாறக் காரணம், பேசும் நேரத்தில் வாக்கியத்தைத் தமிழில் யோசித்துச் சொல் சொல்லாக மாற்றுவதுதான். அதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். கையில் தயாராக இருக்க வேண்டியவை முழுத் தொடர்கள். கடைசியாகச் சொன்னது காதில் விழவில்லையா, ‘சாரி, ஐ மிஸ்ட் த லாஸ்ட் பார்ட்’. உடனே பதில் சொல்ல முடியவில்லையா, ‘லெட் மீ கெட் பேக் டு யூ ஆன் தட்’. நேரம் ஒத்துவருமா என்று கேட்க ‘டஸ் தட் வொர்க் ஃபார் யூ’. ஒன்றையாவது யோசித்துக் கட்டிப் பாருங்கள், இந்த வடிவத்தில் வராது.

இன்னொன்று, நாம் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று சாதாரணமாகக் கை தூக்குவோம். நம்மோடு பழகாதவருக்கு, அவர் சொன்னதில் நமக்கு நம்பிக்கை இல்லை என்று கேட்கும். ‘ஐ ஹேவ் எ க்வெஸ்ட்சன்’ என்றால் வேலை முடிந்தது. ‘உட் யூ மைண்ட்’ என்று உதவி கேட்டால் ‘யெஸ்’ சொல்லக் கூடாது, ‘நாட் அட் ஆல்’ என்றால்தான் சம்மதம். அழுத்தம் பிசகினால் திரும்பக் கேட்பார்கள். இது பிசகினால் தவறாகப் புரிந்துகொண்டு சும்மா இருந்துவிடுவார்கள்.

நெடுஞ்சாலை:
எதற்கு அவர்களைப் போலவே பேச வேண்டும்? உலகத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களைவிட இரண்டாம் மொழியாகப் பேசுகிறவர்களே அதிகம். நம் உச்சரிப்பு நம் அடையாளம். கேட்கிறவர்களும் கொஞ்சம் பழகிக்கொள்ளட்டும்.

மெல்லினம்:
நெடுஞ்சாலை, உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. நம் சாயல் இருக்கட்டும். 1995-இல் மன்ரோ, டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. பேச்சில் அயல் சாயல் கனமாக இருந்தாலும் அது முழுக்கப் புரியக்கூடும் என்று காட்டினார்கள். சாயல் வேறு, புரிவது வேறு. நான் கேட்பது புரிவதை மட்டும். ஆங்கில உச்சரிப்பை ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் வெளியிட்ட நூலும் அப்படித்தான் பிரிக்கிறது: ‘திங்க்’ ஒலி வராவிட்டால் பரவாயில்லை, ஆனால் உயிரொலியின் நீளமும், சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகளோடு வெளியேறும் மூச்சும் வேண்டும் என்கிறார். இந்த மூச்சு நமக்கு நேரடியாகப் பொருந்தும். ‘பின்’ என்று ஊசியைச் சொல்லும்போது உதட்டுக்கு முன்னால் உள்ளங்கையை வையுங்கள். காற்று மோதாவிட்டால் அவர்கள் காதில் அது குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லாக விழக்கூடும்.

செங்கதிர்:
ஜென்கின்ஸை நீங்கள் எடுத்தது நல்லதுதான். ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். தனிச் சொல்லின் அசை அழுத்தத்தை அவர் கட்டாயப் பட்டியலில் வைக்கவே இல்லை. வாக்கியத்தில் எந்தச் சொல் முக்கியமோ அதை அழுத்துவதைத்தான் வைத்தார். சொற்களைச் சுருக்கி ஒட்டிப் பேசுவதையும் தேவையில்லாதவற்றில்தான் சேர்த்தார். உங்கள் முதல் பதிவு முழுக்க நிற்பது அவர் வெளியே விட்ட விஷயத்தின் மேல்.

மெல்லினம்:
உண்மை, வைக்கவில்லை. ஆனால் அவர் ஆராய்ந்தது யாருடைய பேச்சை? இரண்டு பக்கமும் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் பேசிக்கொள்வதை. அங்கே அழுத்தம் பிசகினாலும் அர்த்தம் கெடுவது குறைவு. தாய்மொழிக்காரர்கள் அழுத்தத்தை வைத்துத்தான் சொல்லையே தேடிப்பிடிப்பார்கள், அதனால் அவர்களிடம் கதை வேறு. வழிப்போக்கன், உங்கள் குழுவில் யார் யார்? விடை அதைப் பொறுத்துத்தான்.

வழிப்போக்கன்:
பாதிப் பேருக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. மற்றவர்களுக்கு என்னைப் போல இரண்டாம் மொழி, அவர்கள் பேசுவது நன்றாகவே புரிகிறது. தாய்மொழிக்காரர்கள் பேசினால் ஓடிவிடுகிறது. ஒரு சந்தேகம்: புதுத் தொடர்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிவைத்துக்கொள்கிறேன். அது சரியா?

தேனடை:
பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். ‘ப’ என்ற ஒரே எழுத்தைப் பார்த்து இரண்டு ஒலிகளில் எதைச் சொல்வது? ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் உயிரொலி ‘ஷ்வா’. ‘அபவுட்’ என்பதன் தொடக்கத்தில் வரும் மங்கலான ஒலி. அதற்குத் தமிழில் எழுத்தே கிடையாது, ஆகவே நோட்டில் ‘அ’ என்று முழுதாக எழுதுவீர்கள், வாயும் முழுதாகவே சொல்லும். இங்கே எல்லோரும் தமிழில் எழுதியிருக்கும் உதாரணங்களையும் ஒலிப்பு வசதி உள்ள அகராதியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வாயில் ஒட்டியிருக்கும் நம் பழக்கங்கள் சில உண்டு. ‘எவ்ரி’ என்பது ‘யெவ்ரி’ ஆகும், ‘ஒன்லி’ என்பது ‘வொன்லி’ ஆகும், சொல் முடிந்த பிறகு ஒரு ‘உ’ ஒட்டிக்கொண்டு ‘கப்பு’, ‘பஸ்ஸு’ என்று வரும். தமிழில் இயல்பாக வருவதுதான் அங்கேயும் வருகிறது. ஃபோனில் ஆங்கிலக் குரல் தட்டச்சைத் திறந்து ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். தவறாக விழுகிற சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு அவற்றைப் பழகினால் போதும். எல்லா ஒலியையும் திருத்த உட்கார்ந்தால் யாரும் பேசவே மாட்டார்கள், இந்த விஷயத்தில் நான் செங்கதிர் பக்கம்.

செங்கதிர்:
சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. மெயிலில் எழுதும் சொற்கள் வேறு, பேச்சில் வருபவை வேறு. ‘போஸ்ட்போன்’ என்று எழுதுவார்கள், வாயில் ‘புஷ் பேக்’ என்பார்கள். ‘டிஸ்கவர்’ போய் ‘ஃபைண்ட் அவுட்’ வரும். ‘மென்ஷன்’ போய் ‘பிரிங் அப்’ வரும். எல்லாம் தெரிந்த குட்டிச் சொற்கள்தான், சேர்ந்து வரும்போது பொருள் மாறிவிடுகிறது. ஆங்கிலம் கற்பவர்களுக்காக மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2000 சொற்கள்தான். மெயில் எழுதுகிற வழிப்போக்கனுக்கு அவற்றில் பெரும்பாலானவை தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியாதது அவை ஒன்றோடொன்று சேரும் விதம். தாய்மொழிக்காரர் பேச்சு பிடிபடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மெல்லினம்:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ‘புஷ் பேக்’ தெரிந்திருந்தாலும் காதில் விழ வேண்டுமே. ‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ’ என்பது நடைமுறையில் ‘வாட்ச கன டூ’ மாதிரி ஓடும். ‘டிட் யூ’ என்பது ‘டிஜூ’ ஆகும். இதில் மோசமானது ‘கேன்’, ‘கான்ட்’. அமெரிக்கர்கள் ‘கான்ட்’ என்பதை ‘கேன்ட்’ என்கிறார்கள், கடைசி ட் பல சமயம் காதில் விழாது. ‘கேன்’ என்பதையோ ‘கன்’ என்று சுருக்கிவிடுவார்கள். ஆக, முழுதாக, கனமாகக் கேட்டால் முடியாது, சுருங்கிக் கேட்டால் முடியும். நாம் ‘ஐ கேன் டூ இட்’ என்று ‘கேன்’-ஐ ஓங்கிச் சொல்லும்போது அவர்கள் முடியாது என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

செங்கதிர்:
சொல்வதற்கு என்னிடம் வழி இருக்கிறது. முடியாது என்றால் ‘ஐ வோண்ட் பி ஏபிள் டு’ என்று சொல்லட்டும், முடியும் என்றால் ‘ஷூர், ஐல் டூ தட்’ என்று சொல்லட்டும். ஒலியில் ஆபத்து இருக்கும் இடத்தில் வேறு தொடரைப் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

மெல்லினம்:
சொல்லும்போது சரி. அவர்கள் சொல்லிக் கேட்கும்போது தொடரை மாற்ற முடியாதே?

செங்கதிர்:
கேட்பதற்கு உங்கள் வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் தனித்தனிச் சொல்லாக வேண்டாம், தொடராகவே கேட்டுப் பழகட்டும்.

வழிப்போக்கன்:
நிறையத் தெளிந்தது. நான் எடுத்துக்கொண்டது இது: மீட்டிங்கில் தேவைப்படும் தொடர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒலிப்பதிவில் கேட்டு, அதே சுருக்கத்தோடு சொல்லிப் பார்ப்பது. தொகையும் தேதியும் சொன்னால் எண்ணைப் பிரித்துச் சொல்வது. எழுத்து வசனம் ஓடும் வீடியோவை வைத்துப் பழகலாமா, இல்லை அது காதைச் சோம்பேறியாக்குமா?

தேனடை:
முதல் தடவை வசனம் இல்லாமல் கேளுங்கள், பிடிபடாத இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வசனத்தோடு அந்த இடத்தை மட்டும் பாருங்கள். தெரியாத சொல்லா, தெரிந்த சொல் சுருங்கி ஒலித்ததா என்று அப்போது தெரிந்துவிடும். பிறகு வசனத்தை மூடிவிட்டு, பேசுகிறவர் முடிப்பதற்குள்ளேயே கூடவே ஒட்டிச் சொல்லுங்கள். ஒரு நிமிடத் துண்டு போதும், நீளமாக எடுக்காதீர்கள்.