911இன் எஞ்சினைப் பின் அச்சுக்கு முன்னால் கொண்டுவர முடியுமா?

கேள்வி:
அன்பர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் என் மாமாவின் பட்டறையில் 1982ஆம் ஆண்டு போர்ஷே 911 எஸ்.சி. ஒன்று நிற்கிறது. எஸ்டேட் சாலை வளைவில் எக்சிலரேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுத்தால் வண்டியின் பின்புறம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. எஞ்சினையும் கியர் பெட்டியையும் முன்பின்னாகத் திருப்பி, எஞ்சினைப் பின்னிருக்கை இருக்கும் இடத்தில் வைத்துவிட்டால் இந்தக் குணம் போய்விடுமா? மாமாவுக்கு வெல்டிங் கைவந்த கலை.

மறுமொழி 1:
தம்பி, 911இல் எஞ்சின் அச்சுக்குப் பின்னாலும் கியர் பெட்டி அதற்கு முன்னாலும் இருக்கின்றன. இரண்டையும் திருப்பினால் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலும்; பெட்டியைத் திறந்து, சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலை, அதை ஓட்டும் சிறிய பல்சக்கரமான பினியனின் மறுபக்கத்துக்கு மாற்றாவிட்டால், ஐந்து ரிவர்ஸ் கியர்களும் முன்னால் போக ஒரே ஒரு கியரும்தான் மிஞ்சும்.

அடுத்தது கியர் கம்பி. இப்போது அது இருக்கைகளுக்கு நடுவே வந்து பெட்டியின் முன்முனையில் சேர்கிறது. பெட்டி திரும்பியதும் அம்முனை பம்பர் பக்கம் போய்விடுவதால், கம்பி எஞ்சினைக் கடந்து பின்கோடி வரை நீள வேண்டியிருக்கும். எஞ்சின் பின் அச்சுக்கு முன்னால் இருந்த போர்ஷேயின் 914 மாடல் தொடக்கத்தில் இப்படித்தான் வந்தது. கியர் விழுவதில் தெளிவில்லை என்ற குறை இருந்தது. 1973 மாடலில் இணைப்பைப் பெட்டியின் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள்.

இவற்றைவிடப் பெரிய தடை, பின்னிருக்கைக்குக் கீழே குறுக்காக ஓடும் டார்ஷன் பார் (முறுக்கப்படும்போது ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) குழாய். எஞ்சின் உட்கார வேண்டிய இடமும் அதுவேதான். பின் சஸ்பென்ஷனின் பளுவைத் தாங்கும் அக்குழாயை அறுத்தால் காயில் ஸ்பிரிங்குக்கு மாறுவதோடு, ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடித்திருக்கும் தகட்டை வலுப்படுத்தி, உடற்கூடு முறுக்கிக்கொள்ளாதபடி புதிய சட்டமும் கட்ட வேண்டும். மாமாவின் வெல்டிங்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உடற்கூட்டை அசையாமல் பிடித்து வைக்கும் ஜிக் என்ற சட்டத்தில் பூட்டி அளவெடுக்காமல் செய்த வேலையில் பின்சக்கரங்கள் நேராக நிற்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

மறுமொழி 2:
மேலே சொன்னவருடன் உடன்படுகிறேன். போர்ஷேயே 1996இல் ஜி.டி.1 பந்தய வண்டியிலும், 2017இன் 911 ஆர்.எஸ்.ஆர். பந்தய வண்டியிலும் எஞ்சினை அச்சுக்கு முன்னால் நகர்த்தியது. இரண்டிலும் பின்பாதியை முற்றிலும் புதிதாக வடிவமைத்தார்கள். மேலும், எடை நடுவில் குவிந்த வண்டி வளைவில் எளிதாகத் திரும்பும் என்பது உண்மையென்றாலும், பிடி விட்டுப்போனால் அது 911ஐவிட வேகமாகச் சுழலும், திருத்திக்கொள்ள நேரமும் குறைவாகவே கிடைக்கும். முதலில் பின் டயர்களின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் காட்டும். பழைய டயரென்றால் மாற்றிவிட்டு, பின்சக்கரங்களின் முன்விளிம்புகள் சற்று உள்நோக்கி நிற்கும்படி அலைன்மென்ட் செய்து ஓட்டிப் பாருங்கள்.

மறுமொழி 3:
அமைப்பை மாற்றுவதென்றே முடிவெடுத்தால், இரும்பை அறுப்பதற்கு முன்பே ஜே.பி.ஜே.யின் (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) எழுத்துமூல அனுமதிக்கு வரைபடங்களுடன் விண்ணப்பியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.